டெல்டாவில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரி: நாலு வருஷம் ஃபீஸ் கட்டிய மாமாவின் மதிப்புரை

கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. அக்கா மகள் படித்து முடித்து, அசல் சான்றிதழ்களையும் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவிலிருந்தே இன்னும் சில பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், அவர்களுடைய இன்டர்னல் மார்க்கில் யாரும் கை வைக்க வேண்டாம். டெல்டாவுக்குள் ஓர் ஊர், மெயின் ரோட்டு மேலேயே பெரிய வளைவு, உள்ளே புல்தரை, நுழைந்ததும் கையில் விளக்கோடு நைட்டிங்கேல் அம்மையார் சிலை. இதை வைத்து எந்தக் கல்லூரி என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே இப்படித்தான் இருக்கின்றன.

நான் மன்னார்குடியில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து ஆயுத பூஜை வரைக்கும் கடையில் இதே பேச்சுதான். "அண்ணே, பிரைவேட்ல இப்பவே சேத்துடலாமா, இல்ல கவுன்சலிங்குக்கு வெயிட் பண்ணலாமா?" ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் பணம். சேரும்போது எங்களிடம் சொன்னது வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டியூஷன். அது நோட்டீஸில் அச்சடித்த தொகை. ஹாஸ்டலும் சாப்பாடும் அறுபத்தைந்தாயிரம். அப்புறம் யூனிஃபார்ம், ஷூ, பெயர் பதித்த பேட்ஜ், ரெக்கார்டு நோட்டு, கேஸ் புக், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், வெளி ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸுக்குத் தனி, அங்கே கட்ட வேண்டியது என்று 'கிளினிக்கல் ஃபீஸ்' தனி. விளக்கேற்றும் விழாவுக்குக்கூட தலைக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள், பெற்றோருக்கு மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. நாலு வருஷமும் கூட்டினால் எட்டு லட்சத்தைத் தொட்டுவிட்டது. அரசுக் கல்லூரியில் இதே பி.எஸ்சி. நர்சிங், இதே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டம், வருஷக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

இதைவிட வயிறு எரிந்தது வேறு. அக்கா மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பெண் கட்டியது இவள் கட்டியதில் பாதிகூட இல்லை. அந்தப் பெண் கவுன்சலிங் வழியாக அதே கல்லூரிக்கு வந்தவள். தமிழ்நாட்டில் சுயநிதி நர்சிங் கல்லூரிகள் தங்கள் இடங்களில் ஒரு பங்கை அரசு ஒதுக்கீட்டுக்குக் கொடுக்க வேண்டும், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம், மற்றதென்றால் 65. அந்த இடங்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம்தான். முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் அதிலும் சலுகை உண்டு, பட்டியலினப் பிள்ளைகளுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கடைக்கு வருகிற பெற்றோரில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. கவுன்சலிங் என்றாலே அரசுக் கல்லூரி மட்டும், நம் பிள்ளை மார்க்குக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று நினைத்து விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். அதே சிமெண்டுக் கட்டடம், அதே பெஞ்சு, இரண்டு விலை.

இந்த விஷயம் ஏன் வெளியே தெரியாமல் இருக்கிறது என்றால் ஏஜென்ட்டுகள் வேகமானவர்கள். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே போன் வந்துவிடும், நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். "இன்னும் நாலு சீட்தான் இருக்கு சார், இருபத்தஞ்சாயிரம் போட்டு லாக் பண்ணிடுங்க." மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துக்கொண்டு அச்சாரம் கேட்பது போலத்தான். கவுன்சலிங் நடத்தும் அரசின் கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழுவின் விண்ணப்பமே அதற்குப் பிறகுதான் திறக்கும். ரேங்க் பட்டியல், முதல் சுற்று, அடுத்த சுற்று என்று அது மெதுவாக நகரும். கட்டிய முன்பணம் திரும்பாது என்கிற பயத்திலேயே ஜனங்கள் கவுன்சலிங் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கே ஒரு ஏஜென்ட் ஒரு பிள்ளைக்குப் பத்தாயிரம் தருவதாகச் சொன்னார், கடைக்கு வருகிறவர்களைத் திருப்பிவிட்டால் போதுமாம். அந்தப் பத்தாயிரம் யார் கட்டுகிற ஃபீஸிலிருந்து வருகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டெல்டாக்காரனுக்கு இன்னொரு சங்கடம், பணம் கேட்கிற மாதம். அத்தானுக்கு ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர் அளவு. எங்களுக்குக் கையில் காசு புரள்வது தையில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, மாசி பங்குனியில் கணக்கில் ஏறும்போதுதான். கல்லூரி கேட்பதோ ஜூன், ஜூலை. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, நடவு ஆள் கூலி என்று இருப்பதும் போகிற நேரம். நகையை ஜூனில் கூட்டுறவு சங்கத்தில் வைப்பது, பங்குனியில் மீட்பது, மறுபடி ஜூனில் வைப்பது, இப்படியே நாலு வருஷம் ஓடியது. அக்கா கழுத்தில் அந்தச் சங்கிலியைப் பார்த்த மாதங்கள் குறைவு. ஆபீஸில் போய் ஃபீஸை இரண்டு தவணையாக, ஒன்றை மார்ச்சில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அபராதத்தோடு கட்டலாம் என்றார்கள். வங்கிக் கல்விக் கடன் நாலு லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுக்கலாம் என்பது விதி, ஆனால் எங்கள் கிளையில் முதலில் கேட்டது கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணையைத்தான். மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரி நேரடியாகக் கொடுத்த இடம் என்றதும் மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

சரி, படிப்பு எப்படி? உண்மையைச் சொன்னால், வகுப்பறை நன்றாகவே இருந்தது. உடற்கூறியல், நுண்ணுயிரியல் ஒழுங்காக எடுத்தார்கள். லேபில் பொம்மைகள் எல்லாம் புதிது, ஊசி போடப் பழகும் கை, பிரசவம் காட்டும் இடுப்பு பொம்மை, எல்லாம் கண்ணாடி அலமாரியில். அலமாரிச் சாவி மட்டும் பிரின்சிபால் அறையில் இருக்கும்.

நான் முழு மனதோடு பாராட்டுவது சமுதாய நலச் செவிலியம் எடுத்த மேடத்தை. பிள்ளைகளை கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிஜமாகவே வேலை வாங்கினார். அக்கா மகள் எங்கள் வீட்டிலேயே செய்து காட்டினாள். திண்ணையில் பழைய பேப்பரை விரித்து அதன் மேல்தான் பையை வைக்க வேண்டும், பையிலிருந்து முதலில் சோப்பையும் துண்டையும் மட்டும் எடுத்துக் கை கழுவ வேண்டும், அப்புறம்தான் மறுபடி பைக்குள் கையே போக வேண்டும், வீட்டில் தொட்ட எதுவும் கழுவாமல் உள்ளே திரும்பக்கூடாது. அம்மாவுக்கு பிரஷர் பார்த்து, உப்புக் கண்டத்தையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் நிறுத்தச் சொன்னாள். போகிற கிராமத்தில் எல்லாம் இவர்களை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் என்று நினைத்து மாத்திரை கேட்பார்களாம். அந்த மேடம் மூன்றாம் வருஷம் சம்பளப் பாக்கியால் வேலையை விட்டுப் போய்விட்டார், அதன் பிறகு அந்தப் பாடத்தை எடுத்தது போன வருஷம் அங்கேயே படித்து முடித்த ஒரு பெண்.

இப்போது ஆஸ்பத்திரி. இங்கேதான் எனக்குக் கோபம். பி.எஸ்சி. நர்சிங் கல்லூரி தொடங்க வேண்டுமென்றால் குறைந்தது 100 படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. இங்கே 100 கட்டில் இருக்கிறது, எண்ணிப் பார்த்தால் கூடவே இருக்கும். கட்டிலில் ஆள்தான் இல்லை. ஃபீஸ் கட்டப் போகும்போதெல்லாம் வார்டு பக்கம் நடந்திருக்கிறேன், மடித்த போர்வையும் எண் எழுதிய இரும்பு அலமாரியுமாக வரிசையாக இருக்கும், மூலையில் காய்ச்சலுக்கு யாராவது படுத்திருப்பார். ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் போய்ப் பார்த்தால் திருவிழா. கல்லூரி பஸ்ஸே கிராமம் கிராமமாகப் போய் 'இலவச முகாம்' என்று பாட்டிமாரை ஏற்றி வந்து படுக்க வைத்துவிடும், தலைமாட்டில் கேஸ் ஷீட் தொங்கும், மதியம் சாம்பார் சாதம், சாயங்காலம் ஆளுக்கொரு பெட்ஷீட்டோடு திரும்ப ஊருக்கு. எங்கள் பெரியம்மாவே ஒரு தடவை போய்விட்டு வந்தார். மூட்டு வலிக்குப் போனவர் கையில் டிரிப்ஸ் ஏறிய பிளாஸ்திரி இருந்தது.

சொந்த ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாததால் பிள்ளைகளைப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போஸ்டிங் அனுப்புவார்கள். அதற்குத்தான் அந்த கிளினிக்கல் ஃபீஸ். அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பஞ்சமில்லை, ஆனால் அங்கே நாலைந்து கல்லூரியின் பிள்ளைகள் ஒரே நேரத்தில் நிற்பார்கள், யூனிஃபார்ம் கலரை வைத்துத்தான் எந்தக் கல்லூரி என்று தெரியும். பிரசவ வார்டில் ஒரு மேஜையைச் சுற்றி இத்தனை பேர் நின்றால் யார் கை வைப்பது? அங்கேயே படிக்கும் அரசு நர்சிங் பள்ளிப் பிள்ளைகளை ஸ்டாஃப் நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிடுவார், தனியார் பிள்ளைகள் சுவரோரம். தானே பார்த்த பிரசவம் இத்தனை என்று கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தேர்வுக்கு விடமாட்டார்கள். பாதிப் பிள்ளைகள் தூரத்திலிருந்து பார்த்ததைத் தான் செய்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று அக்கா மகளே சொன்னாள். தனியார் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொள்ளலாம் என்றால் அங்கே பெரும்பாலும் சிசேரியன்.

இவளுக்கு ஒரு ராத்திரி டியூட்டியில் தானே பிரசவம் பார்க்க வாய்த்தது. மழை, கூட வந்த பிள்ளைகள் ஹாஸ்டல் பஸ்ஸில் மாட்டிக்கொண்டார்கள், இவள் மட்டும் முன்னாலேயே வந்துவிட்டாள். வார்டில் இருந்த மூத்த சிஸ்டர் "ஏய் பொண்ணு, கிளவுஸ் போடு, வா" என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துச் செய்ய வைத்திருக்கிறார். மறுநாள் போனில் குழந்தையைப் பற்றிப் பேசுவாள் என்று பார்த்தால் நஞ்சுக்கொடியைப் பற்றியே பேசினாள். "மாமா, அத தட்டுல விரிச்சு வச்சு ஓரமெல்லாம் சேருதான்னு பாக்கணும். ஒரு துண்டு உள்ள தங்கிட்டாலும் ரத்தம் நிக்காது." எட்டு லட்சத்தில் அந்த ஒரு ராத்திரிக்குத்தான் நான் மனதாரப் பணம் கொடுப்பேன், அதைக் கொடுத்ததும் கல்லூரி இல்லை, அந்த சிஸ்டரும் மழையும்.

எதிர்வீட்டுப் பெண்ணின் கதையையும் சொன்னால்தான் கணக்கு புரியும். அவளும் இவளும் ஒரே பள்ளி, மார்க்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அவள் அப்பா டீக்கடை, முன்பணம் கட்ட வழியே இல்லை, அதனால் காத்திருந்தாள். பி.எஸ்சி. அரசு இடங்கள் முதல் சுற்றிலேயே போய்விட்டன. டெல்டாவுக்குள் அரசு பி.எஸ்சி. இடம் தேடுவதே கஷ்டம், பழைய அரசு நர்சிங் கல்லூரிகள் எல்லாம் சென்னை, செங்கல்பட்டு, சேலம், மதுரை, தேனி, சிவகங்கை என்று தள்ளித்தான் இருக்கின்றன. பக்கத்தில் என்றால் கொள்ளிடம் தாண்டி சிதம்பரத்தில் ராணி மெய்யம்மை கல்லூரி, அது 2021-ல் அரசு சுகாதாரத் துறைக்கு மாறியது. 2014-க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடு முழுக்க 157 நர்சிங் கல்லூரி தொடங்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அதில் தமிழ்நாட்டுக்கு 11, ஆகையால் ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்து இடப் பட்டியலைப் புதிதாகப் பாருங்கள், போன வருஷத்து ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

பிந்தைய சுற்றில் அவளுக்கு ஒரு சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு வந்தது. மேல் ரேங்க் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., கால்நடை, வேளாண்மை என்று நகர நகர இடம் காலியாகும், பட்டியல் அப்படித்தான் கீழே இறங்கும். ஊர் தூரம் என்பதால் அவள் அதை விட்டுவிட்டு அரசு டிப்ளமோ நர்சிங் பள்ளியில் சேர்ந்தாள். மூணு வருஷம். கட்டணம் சொற்பம், மாதம் கொஞ்சம் உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். முதல் வருஷத்திலிருந்தே வார்டில்தான் கிடந்தாள். ஹாஸ்டல் பழசு, பாத்ரூமுக்கு வரிசை, சாப்பாட்டைப் பற்றி அவள் சொன்னதை எழுதினால் இது வேறு மதிப்புரை ஆகிவிடும். இவள் பட்டம் வாங்குவதற்கு முன்பே அவள் கும்பகோணத்தில் வேலைக்குப் போய்விட்டாள். இனி டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம் படித்தால் அவளும் பி.எஸ்சி. தான்.

சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் இருக்கும் சித்தப்பா மகளிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அங்கேயும் இதே பஞ்சாயத்து என்றாள். அவள் பெண்ணுக்கும் நர்சிங். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்றால் அந்த மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், கொள்ளை மலிவு, ஆனால் நர்சிங் இடத்துக்கு மட்டும் குலுக்கல் அல்லது புள்ளிக் கணக்கு, காத்திருப்பு. தனியாரில் உடனே இடம், ஃபீஸ் பல்லாயிரம் டாலர். எங்கே படித்தாலும் கடைசியில் நர்ஸ் உரிமத்துக்கு எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே காத்திருக்கும் காலத்தில் உடற்கூறியல், நுண்ணுயிரியல் பாடங்களை நல்ல கிரேடில் முடித்து, உதவியாளர் சான்றிதழ் வாங்கி முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தால், புள்ளி பார்க்கும் கல்லூரியில் அது கை கொடுக்கும். இங்கே பிளஸ் டூ மார்க் எழுதியது எழுதியதுதான், ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தால் கட்ஆஃப் ஏறாது. ஆகையால் நான் காத்திருக்கச் சொல்வது அந்த ஒரு சீசன் முடியும்வரை, கடைசிச் சுற்று வரை, அவ்வளவுதான். அதிலும் கிடைக்காவிட்டால் டிப்ளமோ. அதுவும் இல்லையென்றால்தான் பணம்.

பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், புல்தரையைப் பார்க்காதீர்கள், வார நாளில் காலை பதினோரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரி பக்கம் போங்கள். புறநோயாளிச் சீட்டு வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள், செருப்பு எத்தனை கிடக்கிறது என்று பாருங்கள். பிரசவ வார்டில் போன மாதம் எத்தனை சுகப் பிரசவம் என்று கேளுங்கள், முழித்தால் தெரிந்துவிடும். போஸ்டிங்குக்கு எந்த அரசு ஆஸ்பத்திரி, அங்கே இன்னும் எத்தனை கல்லூரி வருகிறது என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் பஸ் ஸ்டாண்டில் கேட்டால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் தளத்தில் அந்த வருஷத்துப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க என் கடைக்குக்கூட வர வேண்டாம், போனிலேயே பார்க்கலாம். காரைக்கால் பக்கத்துப் பிள்ளைகளுக்கு புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் தனி வழி, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேலை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நோட்டீஸில் '100 சதவீத வேலைவாய்ப்பு, வெளிநாடு' என்று விமானம் போட்டிருக்கும். முடித்ததும் கிடைத்தது கல்லூரியின் அதே காலி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாயிரம், இரண்டு வருஷம் விலகமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டோடு. நர்சிங் கவுன்சிலே பாண்ட் முறை கூடாது என்று சொல்லியிருக்கிறது, அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது, இரண்டையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் வைத்த பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது. இவள் இப்போது திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில், பதினாறாயிரம். எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசு வேலை என்றாலும் முதலில் தொகுப்பூதியம், 18,000, நிரந்தரம் எப்போது என்று அந்தப் பெண்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். வளைகுடாவுக்குப் போக இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள், ஜெர்மனி என்றால் பி2 வரை மொழி. பதினாறாயிரத்தில் எட்டு லட்சத்தை எப்போது எடுப்பது என்று அத்தான் கேட்பதில்லை, அக்காவும் கேட்பதில்லை. நான்தான் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஹாஸ்டல் சுமார். வியாழக்கிழமை எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் நன்றாக இருக்குமாம். வார்டன் ராத்திரி ஒன்பது மணிக்கு போனை வாங்கி வைத்துக்கொள்வார், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தண்ணீர் உப்பு, பெண்ணுக்கு முடி கொட்டியது. பாதுகாப்பு நல்லபடி, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சேரும்போது வாங்கிய காஷன் டெபாசிட் பத்தாயிரம் இன்னும் வரவில்லை. அக்கவுண்ட்ஸில் கேட்டால் "செக் சைனுக்குப் போயிருக்கு சார்" என்கிறார்கள், சேர்மன் எப்போதும் வெளியூரில். இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். டெபாசிட் வந்தால் அரை சேர்த்துப் போடுகிறேன்.